72 வோல்ட் கேட்டு வந்த சைக்கிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆளுக்கு 24 வயசு. கோவை கணபதி பக்கம் ஒரு சிஎன்சி பட்டறையில வேலை, வீட்டுல இருந்து 11 கிமீ. பஸ் மாறி மாறி போறது புடிக்காம தன்னோட பழைய ஸ்டீல் ஃபிரேம் எம்டிபி சைக்கிள்ல பின் வீலுக்கு 48 வோல்ட் 1000 வாட் டைரக்ட் டிரைவ் ஹப் மோட்டார் (வீல் நடுவுலயே உக்காந்து கியர் இல்லாம நேரா சுத்தற மோட்டார்) கிட் வாங்கி தானே மாட்டியிருந்தாப்ல. பேட்டரியும் சொந்தமா செஞ்சதுதான், 18650ங்கற உருளை லித்தியம் செல் 65, அதாவது 5 செல் சேந்து ஒரு குரூப், அப்படி 13 குரூப் வரிசையா, 13 சீரிஸ் 5 பேரலல். ஃபுல் சார்ஜ்ல 54.6 வோல்ட், ரோட்டுல 45 கிமீ வேகம் போகுதுன்னு சொன்னாப்ல.

நான் சின்னதா ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் கடை வெச்சிருக்கேன், கன்வெர்ஷன், ரிப்பேர் ரெண்டும். செப்டம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்னாப்ல, கையில பிரிக்காத 72 வோல்ட் கன்ட்ரோலர் (பேட்டரில இருந்து மோட்டாருக்கு போற கரண்ட்ட கட்டுப்படுத்தற பெட்டி) ஒண்ணு. "அண்ணா, இத மாட்டி பேட்டரிய 20 சீரிஸ் ஆக்கிட்டா 70 தொடும்ங்களா?"

கணக்குப்படி தொடலாம். மோட்டாரோட நோ-லோட் வேகம், அதாவது பாரம் இல்லாம சும்மா சுத்தற வேகம், வோல்டேஜ் கூட நேரா ஏறும், 20 சீரிஸ்னா ஃபுல் சார்ஜ்ல 84 வோல்ட், அப்படின்னா வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல. ஆனா காத்து அப்படி விடாது. நிமிந்து உக்காந்து ஓட்டுற ஒரு ஆளுக்கு 25 கிமீல வீலுக்கு 180 வாட் கிட்ட போதும், 45ல 800 வாட் வேணும், 70ல ஏறத்தாழ 2,800 வாட் வேணும். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறுது, அத தள்ள வேண்டிய பவர் கனத்துல ஏறுது, அதான் இவ்வளவு வித்தியாசம். அந்த 2,800 வாட்டும் எந்த செல்லுல இருந்து எந்த ஒயர் வழியா வரும், அத எந்த பிரேக் நிறுத்தும்னு கேட்டேன். பதில் இல்ல. சரி முதல்ல இருக்கற வண்டிய பாப்போம்னு ஸ்டாண்ட்ல ஏத்தினோம்.

சட்டத்தையும் அன்னைக்கே சொல்லிட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல மோட்டாரோட 30 நிமிஷ பவர் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிமீக்குள்ள இருந்தாதான் ரிஜிஸ்ட்ரேஷன் லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம். 1000 வாட் மோட்டார வெச்சுகிட்டு ஸ்விட்ச் போட்டு 25ல நிறுத்தறேன்னு சொன்னாலும் மோட்டார் 1000 வாட்தான். இந்த சைக்கிள் அந்த வரையறைக்குள்ள வராது, வீட்டுல செஞ்சதுக்கு இன்சூரன்ஸும் கிடையாது, எவன் மேலயாவது இடிச்சா மொத்தமும் நம்ம தலைல. தம்பி தலைய ஆட்டினாப்ல, காதுல ஏறின மாதிரி தெரியல.

ஸ்டாண்ட்ல பார்த்தது

ஆக்ஸில் முதல்ல. ஹப் மோட்டார் ஆக்ஸில் 14 மிமீ, ரெண்டு பக்கம் சீவி 10 மிமீ ஆக்கியிருப்பாங்க, அந்த சீவின பகுதிதான் ஃபிரேம் ஸ்லாட்டுல உக்காந்து ஆக்ஸில் சுத்தாம புடிக்குது. தம்பியோடதுல ஸ்லாட்டோட ரெண்டு ஓரமும் வாய் விரிஞ்சிருந்துச்சு. கேட்டா, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மேட்டுல ஏறும்போது டக்குனு சத்தம் வந்து பின் வீல் இறுகிடுச்சுன்னும், இறங்கி பார்த்தா ஒயர் முறுக்கி மோட்டாருக்கு கரண்ட் கொண்டு போற பேஸ் (phase) ஒயர் மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு இருந்துச்சுன்னும் சொன்னாப்ல. பேஸ் ஒயர் ஷார்ட் ஆனா மோட்டாரே பிரேக் மாதிரி புடிக்கும், அதான் வீல் இறுகினது. அத ஒட்டு போட்டு, நட்ட இன்னும் இறுக்கி, மறுபடி ஓட்டிகிட்டு இருந்திருக்காப்ல. டார்க் ஆர்ம், அதாவது ஆக்ஸில் சுத்தாம ஃபிரேமோட சேத்து புடிக்கற இரும்பு கை, இல்ல.

பேட்டரி பிளாஸ்டிக் டப்பாக்குள்ள, டப்பா ஃபிரேம் முக்கோணத்துல ஜிப் டை போட்டு. வெளிய எடுத்து ஒவ்வொரு குரூப்பா அளந்தா 12 குரூப் 3.7 பக்கம், ஒண்ணு மட்டும் 3.2. செல்லு மேல 2,600 எம்ஏஎச்னு போட்டிருக்கு, ரெண்டு செல்ல தனியா எடுத்து கப்பாசிட்டி டெஸ்ட் போட்டா 1,700 கூட தாண்டல. பழைய செல்லுக்கு புது சட்டை மாட்டி வித்திருக்காங்க. நிக்கல் ஸ்ட்ரிப்புல ஒரு துண்டு வெட்டி உப்புத்தண்ணில போட்டு வெச்சேன், மறுநாள் காலைல துரு. சுத்த நிக்கல் துரு பிடிக்காது, இது நிக்கல் முலாம் போட்ட இரும்பு, ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதே கரண்ட்டுக்கு கூட சூடாகும். ஃபுல் சார்ஜ் போட்டு 25 ஆம்ப் இழுத்து பார்த்தா வோல்டேஜ் 54ல இருந்து 46க்கு விழுந்துச்சு. மெயின் ஸ்விட்ச்சா வீட்டு ஏசி எம்சிபி (சுவத்து மெயின் பெட்டில இருக்கற டிரிப் ஸ்விட்ச்) ஒண்ண சீட்டுக்கு கீழ மாட்டியிருந்தாப்ல, அது டிசி கரண்ட்ட கட் பண்ணும்போது வர்ற ஆர்க்க, அதாவது தீப்பொறிய, அணைக்கறதுக்குன்னு செஞ்சதில்ல. ஃபியூஸ் கிடையாது.

சார்ஜ் எங்க போடுறேன்னு கேட்டேன். ராத்திரி ரூம்ல, கட்டில் பக்கத்துல, தம்பியும் தம்பியோட தம்பியும் படுக்கற ரூம்.

பிரேக் ரெண்டும் வி-பிரேக், ரப்பர் கட்டை ரிம்ம புடிக்கற வகை. ரிம் தேஞ்சு நடுவுல பள்ளம். ஹேண்டில் பாரோட தலை பேரிங்ல ஆட்டம் இருந்துச்சு, இது 20 கிமீல தெரியாது, 45ல கை நடுங்கும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

72 வோல்ட் இப்போதைக்கு வேண்டாம்னு சொன்னேன். மாட்டவே கூடாதுன்னு சொன்னா வேற கடைக்கு போய் மாட்டிக்குவாப்ல, அது எனக்கு தெரியும். அதனால ஒரு வரிசை வெச்சோம்: பிரேக், அப்புறம் ஆக்ஸில், அப்புறம் பேட்டரி, இந்த மூணும் சரியாகி டெஸ்ட்ல பாஸ் ஆனா வேகத்த பத்தி பேசலாம். ஓட்டுறது பப்ளிக் ரோட்டுல இல்ல, சூலூர் பக்கம் சைட் போட்டு விக்காம கிடக்கற ஒரு லேஅவுட்டுல, ஓனர் தம்பியோட சொந்தக்காரர், 600 மீட்டர் நேர் தார் ரோடு, ரெண்டு பக்கமும் கேட்.

பிரேக் வேலைல, முன் ஃபோர்க்க மாத்தி ஹைட்ராலிக் டிஸ்க், முன்னாடி 180, பின்னாடி 160 மிமீ. பின்னாடி ஃபிரேம்ல டிஸ்க் மவுண்ட் இருந்துச்சு, ஆனா மோட்டார் மூடி வயிறு தள்ளினதால கேலிப்பர் (டிஸ்க்க கவ்வி புடிக்கறது) உரசிச்சு, ரோட்டருக்கு (டிஸ்க் தட்டுக்கு) அடியில ஸ்பேசர் வெச்சு வெளிய தள்ள வேண்டியதா போச்சு. இந்த வேலைக்கு மட்டும் ரெண்டு நாள். கோலமாவுல ஒரு கோடு போட்டு, 40 கிமீல வந்து கோட்டுல புடிக்கணும், டேப்ல அளக்கணும்னு டெஸ்ட். பழைய வி-பிரேக்ல 18 மீட்டர், ரிம்ல தண்ணி ஊத்தி பார்த்தா 30 தாண்டிச்சு. டிஸ்க் மாட்டினப்புறம் காஞ்ச ரோட்டுல 11.5, தண்ணி ஊத்தினா 13. அந்த நம்பர பார்த்தப்பதான் தம்பி முதல் தடவையா அமைதியானாப்ல, நான் பேசினதுக்கெல்லாம் ஆகல.

புது லிவர்ல மோட்டார் கட்-ஆஃப் ஸ்விட்ச் இல்ல. பழைய லிவர்ல இருந்துச்சு, பிரேக் புடிச்சா கன்ட்ரோலருக்கு சிக்னல் போய் மோட்டார் நின்னுடும். ஹைட்ராலிக் லிவருக்கு காந்தம் ஒட்டுற சென்சார் தனியா வாங்கணும், ஆர்டர் போட்டேன், வர ஒரு வாரம் ஆகும்னாங்க. வந்ததும் மாட்டிக்கலாம்னு விட்டேன். இத இங்கயே எழுதி வெக்கிறேன், பின்னாடி வருது.

ஆக்ஸிலுக்கு தம்பியே பட்டறையில 6 மிமீ ஸ்டீல் பிளேட்ல டார்க் ஆர்ம் ரெண்டு வெட்டிட்டு வந்தாப்ல, ஓட்டை 10 மிமீக்கு மேல ஒரு நூல் கூட விளையாட்டு இல்லாம. உண்மையிலயே அழகான வேலை. கணக்கு இப்படி: மோட்டார் 45 நியூட்டன் மீட்டர் முறுக்குனா ஸ்லாட் ஓரத்துல 12 மிமீ இடைவெளில விழற விசை 300 கிலோவுக்கு மேல, அதே முறுக்க 10 செமீ கைய நீட்டி ஃபிரேம்ல புடிச்சா 45 கிலோ பக்கம்தான். வாய் விரிஞ்ச ஸ்லாட்ட வெல்டிங் வெச்சு அடைச்சு ஃபைல் போட்டு திரும்ப எடுத்தோம். ஆர்ம் ரெண்டு பக்கமும் போட்டோம், ஒரு பக்கம் போதும்னு நிறைய பேர் சொல்லுவாங்க, 1000 வாட்டுக்கு எனக்கு ஒத்துக்கல.

பேட்டரில பெரிய வாக்குவாதம். தம்பிக்கு நல்ல 18650 செல் வாங்கி 14 சீரிஸ் போடணும்னு ஆசை, எடை கம்மி. நான் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) சொன்னேன், 32700ங்கற பெரிய செல், 16 சீரிஸ் 3 பேரலல், 18 ஆம்ப்-ஹவர், செல் எடை மட்டுமே 7 கிலோ. சூடு தாங்கறதுல எல்எஃப்பி எவ்வளவோ மேல, பஞ்சர் ஆனாலும் மத்தது மாதிரி சீறிகிட்டு எரியறது அரிது. ரூம்ல சின்ன பையன் படுக்கறான், அதுக்கு முன்னாடி எடை ஒரு பேச்சே இல்லன்னு சொன்னேன், ஒத்துகிட்டாப்ல. சுத்த நிக்கல் ஸ்ட்ரிப், டெம்பரேச்சர் சென்சரோட பிஎம்எஸ் (செல்கள கண்காணிச்சு ஆபத்துன்னா கட் பண்ற போர்டு), பேட்டரி வாயிலயே 40 ஆம்ப் ஃபியூஸ், ஸ்பார்க் வராத எக்ஸ்டி90 கனெக்டர், எல்லாம் அலுமினியம் பெட்டிக்குள்ள, பெட்டிய ஃபிரேம்ல போல்ட் போட்டு.

ஃபுல் சார்ஜ் 58.4 வோல்ட். கன்ட்ரோலர திறந்து பார்த்தா உள்ள கப்பாசிட்டர் 63 வோல்ட், அதனால ரீஜென் பிரேக்க, அதாவது பிரேக் புடிக்கும்போது மோட்டாரே பேட்டரிக்கு கரண்ட் திருப்பி அனுப்பறத, ஆஃப் பண்ணிட்டோம். ஃபுல் சார்ஜ்ல இறக்கத்துல ரீஜென் போட்டா வோல்டேஜ் மேல ஏறி 63அ தொட்டுடும், அதோட ரீஜென் ஆக்ஸில முன்னும் பின்னும் ஆட்டி நட்ட தளர்த்தும். சார்ஜர் பிளக்க வேற மாதிரி மாத்தினோம், ஏன்னா புது 58.4 சார்ஜர மறந்து பழைய 13 சீரிஸ் பேக்ல குத்தினா ஒரு செல்லுக்கு 4.49 வோல்ட் ஏறும், அது நெருப்பு. பழைய பேக்க ஹாலஜன் பல்பு போட்டு இறக்கி, மணல் வாளில வெச்சு மொட்டை மாடில ரெண்டு நாள் விட்டு, அப்புறம் ஈ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுத்தாச்சு.

மூணாவது டெஸ்ட்ல நடந்தது

அக்டோபர் கடைசி ஞாயிறு காலை. முதல் ரெண்டு டெஸ்ட்டும் நல்லா போச்சு, 47 கிமீ தொட்டுச்சு, மோட்டார் மூடி கை வெச்சு தாங்கற சூடு, ஆக்ஸில் நட்டுல மார்க்கர்ல போட்ட கோடு நகரல. மூணாவது ரவுண்டுல கேட்டுகிட்ட திரும்பறதுக்கு தம்பி ஹேண்டில முழுசா இடது பக்கம் ஒடிச்சாப்ல. அந்த நொடி வண்டி தானா பாஞ்சுது.

ரெண்டு பிரேக்கையும் சேத்து புடிச்சிருக்காப்ல. பிரேக்குக்கு பலம் இருந்துச்சு, மோட்டார மீறி புடிச்சுது, ஆனா ரோட்டோரம் மணல், ஹேண்டில் திரும்பியிருக்கு, முன் வீல் லாக் ஆகி வழுக்கிடுச்சு. இடது கைய ஊனி விழுந்தாப்ல. விழுந்தும் மோட்டார் நிக்கல, சாஞ்சு கிடக்கற சைக்கிள்ல பின் வீல் முழு வேகத்துல சுத்துது, தம்பியோட கால் ஒரு அடி தள்ளி. மெயின் ஸ்விட்ச் சீட்டுக்கு கீழ, சைக்கிள் அந்த பக்கமா கிடக்கு. நான் ஓடிப்போய் பேட்டரி கனெக்டர புடுங்கினேன், கரண்ட் ஓடும்போதே புடுங்கினதால கனெக்டர் பின்னு கருகிப்போச்சு. விழுந்ததுல இருந்து அதுவரைக்கும் ஏழெட்டு செகண்ட் இருக்கும், எனக்கு ரொம்ப நேரமா தெரிஞ்சுது.

ஹெல்மெட், கிளவுஸ் இருந்துச்சு. இடது மணிக்கட்டுல ஹேர்லைன் ஃபிராக்சர், முழங்கை சிராய்ப்பு. நாலு வாரம் மாவுக்கட்டு.

காரணம்

அன்னைக்கு சாயங்காலமே ஒயர பிரிச்சேன். திராட்டில்ல (வேகம் குடுக்கற கைப்பிடி) மூணு ஒயர், 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். பிரேக் மாத்தும்போது ஹோஸையும் திராட்டில் ஒயரையும் சேத்து ஹேண்டில் தண்டுல ஜிப் டை போட்டு நல்லா இறுக்கி கட்டினது நான். ஹேண்டில் முழுசா திரும்பும்போது ஒயர் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள்ள கிரவுண்ட் மட்டும் அறுந்திருக்கு, மேல தோல் அப்படியே இருக்கு. ஹால் சென்சர் (காந்தத்த வெச்சு அளக்கற சென்சர்) திராட்டில்ல கிரவுண்ட் போச்சுன்னா சிக்னல் 5 வோல்ட் பக்கமா மேல ஏறிடும், கன்ட்ரோலருக்கு அது முழு திராட்டில். நல்ல கன்ட்ரோலர்னா இவ்வளவு வோல்டேஜ் வரவே கூடாதேன்னு ஃபால்ட் எடுத்து நின்னுடும், இது விலை கம்மி ரகம், அந்த பாதுகாப்பு இல்ல.

பழைய பிரேக்கா இருந்திருந்தா லிவர புடிச்ச அடுத்த கணம் கட்-ஆஃப் ஸ்விட்ச் மோட்டார அணைச்சிருக்கும். நல்ல பிரேக் மாட்டறேன்னு சொல்லி வண்டில ஏற்கனவே இருந்த ஒரு பாதுகாப்ப நானே கழட்டியிருக்கேன். 7 கிலோ பேட்டரிக்கு அவ்வளவு வாதாடின நான் 300 ரூபா சென்சாருக்கு ஒரு வாரம் பொறுக்கல. சென்சார் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்துச்சு.

திங்கள் தம்பியோட அப்பா கடைக்கு வந்தார். சத்தம் போடல. "ஏனுங்க, அவன் சின்னப்பையன், தெரியாம கேட்கறான், நீங்க தெரிஞ்சவர்தானுங்களே"ன்னார். தப்பு என்னோடதுங்கன்னு நடந்தத அப்படியே சொன்னேன், அறுந்த ஒயரையும் காட்டினேன். கொஞ்ச நேரம் அத கையில வெச்சு பார்த்துகிட்டே இருந்தார். ஆஸ்பத்திரி செலவ நான் ஏத்துகிட்டேன். வண்டிய ஒடச்சு வித்துடலாமான்னு கேட்டார், பையன் ஒத்துக்கமாட்டான்னு அவரே சொல்லிகிட்டார், சரி பண்ணுங்க, ஆனா மெயின் ரோட்டுக்கு வரக்கூடாதுன்னுட்டு போனார்.

அதுக்கப்புறம்

நவம்பர்ல மழையும் மாவுக்கட்டும் சேந்து ஓட்டம் கிடையாது, வேலை மட்டும். கன்ட்ரோலர மாத்தினோம், அதே 48 வோல்ட், ஆனா திராட்டில் ஃபால்ட் பாதுகாப்பு உள்ளது. ரெண்டு லிவருக்கும் காந்த சென்சார். மணிக்கட்டுல மாட்டற கயிறோட ஒரு கில் ஸ்விட்ச், ஆள் விழுந்தா கயிறு ஸ்விட்ச்ல இருந்து உருவி மோட்டார் கட் ஆகும், படகு மோட்டார்ல மாட்டற மாதிரி. மெயின் ஸ்விட்ச் ஹேண்டில்கிட்ட வந்துடுச்சு, ஏசி எம்சிபிக்கு பதிலா டிசி பிரேக்கர். திராட்டில் ஒயர்ல ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா திரும்பினாலும் மிச்சம் இருக்கற அளவுக்கு ஒரு வளையம் விட்டு கட்டினோம்.

இந்த தடவை ஓட்டுறதுக்கு முன்னாடி வேணும்னே கெடுத்து பார்த்தோம். பின் வீல தூக்கி நிறுத்தி, திராட்டில பாதில வெச்சுகிட்டு கிரவுண்ட் ஒயர புடுங்கினா மோட்டார் நிக்கணும், 5 வோல்ட்ட புடுங்கினா நிக்கணும், சிக்னல புடுங்கினா நிக்கணும், ஓடிட்டு இருக்கும்போது ஒவ்வொரு பிரேக் லிவரையும் தனித்தனியா தொட்டா நிக்கணும். முதல் நாள்லயே ஒண்ணு ஃபெயில் ஆச்சு, பின் பிரேக் காந்தம் 3 மிமீ தள்ளி ஒட்டியிருந்ததால லிவர பாதி புடிச்சாதான் கட் ஆச்சு, ஒட்டினத எடுத்து மறுபடி ஒட்டினோம்.

டிசம்பர் ரெண்டாவது வாரம் அதே லேஅவுட்ல ஓட்டினோம், அப்பாவும் வந்து கேட்டுகிட்ட நின்னார். 47 கிமீ. பிரேக் 12 மீட்டர். வேலைக்கு போறதுக்கு அப்பா சொல்லி வேற ஒரு சைக்கிள்ல 250 வாட் கிட் மாட்டிகிட்டாப்ல, 25ல கட் ஆகிடும், 11 கிமீக்கு அரை மணி நேரம் சொச்சம் ஆகுது, பஸ்ஸ விட சீக்கிரம்தான்னு சொல்றாப்ல. சார்ஜ் இப்ப போர்ட்டிகோல, முழிச்சிருக்கும்போது மட்டும்.

மாத்தி செய்ய வேண்டியது

ஒரு பார்ட்ட கழட்டும்போது அது என்னென்ன வேலை செஞ்சுட்டு இருந்துச்சுன்னு எழுதி வெச்சுட்டுதான் இப்ப கழட்டறேன். பழைய லிவர் ரெண்டு வேலை செஞ்சுட்டு இருந்துச்சு, பிரேக் புடிக்கறது, மோட்டார அணைக்கறது. நான் முதல் வேலைய மட்டும் கணக்குல எடுத்தேன். இப்ப கடை சுவத்துல ஒரு அட்டை தொங்குது, கட்-ஆஃப் இல்லாத வண்டி ஸ்டாண்ட விட்டு இறங்காதுன்னு, கஸ்டமர் அவசரப்படுத்தினா அத காட்டறேன்.

ஒயர பிடுங்கி பார்க்கற டெஸ்ட் முதல் ஓட்டத்துக்கு முன்னாடியே நடந்திருக்கணும், அது பத்து நிமிஷ வேலை. அந்த பழைய கன்ட்ரோலரோட குறை அன்னைக்கே ஸ்டாண்ட்ல தெரிஞ்சிருக்கும், ஓட்டற அளவுக்கு போயிருக்காது. டெஸ்ட் ரோட்டோட ரெண்டு முனையையும், அதாவது திரும்பற இடத்த, விளக்குமாறு போட்டு கூட்டியிருக்கணும். வேகமா போற நடு ரோட்டையே பார்த்துகிட்டு இருந்தோம், விழுந்தது திரும்பற இடத்துல.

வரிசைய பொறுத்தவரைக்கும், பிரேக், ஆக்ஸில், பேட்டரின்னு வெச்சதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, மோட்டார அணைக்கற வழிகள்னு ஒண்ணு வெச்சிருக்கணும். குறைஞ்சது மூணு தனித்தனி வழி: திராட்டில விட்டா, பிரேக் புடிச்சா, கயிறு உருவினா. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு.

டார்க் ஆர்ம், எல்எஃப்பி, ரீஜென் ஆஃப், இதுல எதையும் மாத்தமாட்டேன். பெட்டி எடை பின்பக்கம் சாயாம ஃபிரேம் நடுவுல கீழ இருக்கறது நல்லாவே ஓடுது.

மார்ச்ல மூணு மாச செக்கப்புக்கு வந்தாப்ல. நட்டுல மார்க்கர் கோடு வலது பக்கம் அப்படியே, இடது பக்கம் ஒரு மிமீ நகந்திருந்துச்சு, வாஷர் மாத்தி இறுக்கினோம். 16 குரூப்புக்கும் இடைல வித்தியாசம் 12 மில்லிவோல்ட். 72 வோல்ட் கன்ட்ரோலர் இன்னும் என் கடை ஷெல்ஃப்லதான் பிரிக்காம இருக்கு, போகும்போது அத ஒரு தடவை பார்த்தாப்ல, எடுத்துட்டு போறியா தம்பின்னு நான் கேட்டதுக்கு, இருக்கட்டும்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லிட்டு போனாப்ல.